சாபம் என்று பெயர் வாங்கிய சுவீடன் கார்

1. பார்க்டேலில் முதல் நாள்

"வெளியே நிற்கிற பச்சைக் காரின் திறப்பை எடுத்துக்கொண்டு வா" என்றார் முதலாளி. ரொறன்ரோவில் எனக்குக் கிடைத்த முதல் கராஜ் வேலை, அதில் முதல் நாள், அதில் முதல் கட்டளை. அதையே என்னால் செய்ய முடியவில்லை.

அகதியாக வந்து பார்க்டேலில் ஒரே அறையில் நாலைந்து பேர் படுத்தெழும்பிய காலம் அது. எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் இருந்த ஒழுங்கையில் எஸ்தோனியா நாட்டுக் கிழவர் ஒருவர் கராஜ் வைத்திருந்தார். சுவீடனில் இருந்து வந்த ஒரேயொரு வகைக் காரைத்தான் திருத்துவார். வேறு கார் வந்தால் கதவையே திறக்கமாட்டார். ஒரு வகைக் காரை மட்டும் வைத்துக்கொண்டு இந்த மனிசன் எப்படிச் சீவிக்கிறார் என்று எனக்கு அன்றைக்கே ஐமிச்சம்.

காருக்குள் ஏறி இருந்தேன். ஊரில் லொறி, வான், மினிபஸ் எல்லாம் கழற்றிப் பூட்டியவன் நான். கை தன்பாட்டில் ஸ்ரியறிங்குக்குப் பக்கத்தில் போனது. அங்கே திறப்பும் இல்லை, சாவி போடுகிற ஓட்டையும் இல்லை. டாஷ்போர்டைத் தடவினேன். அங்கேயும் இல்லை. பக்கத்துச் சீற்றில் விலையான கறுப்புக் கண்ணாடி ஒன்று கிடந்தது. உடனே எனக்கு விளங்கிவிட்டது. புது ஆள் களவெடுப்பானா என்று பார்க்கத்தான் கிழவர் அனுப்பியிருக்கிறார். கண்ணாடியைத் தொடாமல் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

பிறகுதான் கண்டேன். இரண்டு சீற்றுக்கும் நடுவில், கியர்த் தடிக்குப் பின்னால், மேலே பார்த்தபடி ஓர் ஓட்டை. அதற்குள் திறப்பு. இழுத்தேன், வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தேன், வரவில்லை. முறிந்தால் முதல் நாளே வேலை போய்விடும். உள்ளே போய் எனக்குத் தெரிந்த இங்கிலீசில் "கீ புறோக்கன்" என்றேன்.

கிழவர் இருமல் வருமளவுக்குச் சிரித்தார். வெளியே வந்து, கிளச்சை மிதித்து, கியரை றிவேர்ஸில் போட்டு, இரண்டு விரலால் திறப்பைத் தூக்கினார். அது வந்துவிட்டது.

"றிவேர்ஸில் போட்டால்தான் திறப்பு வரும். இல்லாவிட்டால் தலைகீழாக நின்றாலும் தராது" என்றார்.

என்னோடு பகிடி விடுகிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் பிறகு வந்த கார்களில், கையால் கியர் போடுகிறவை எல்லாம் அப்படியே இருந்தன. இறங்குகிறவன் கியரில் விட்டுத்தான் இறங்க வேண்டும். கார் உருளக்கூடாது, கள்ளன் இலேசாகக் கொண்டுபோகக்கூடாது. திறப்பை நடுவில் வைத்ததற்கும் கிழவர் ஒரு காரணம் சொன்னார். அடிபட்டால் ஓட்டுகிறவரின் முழங்கால் திறப்பில் போய் மோதாதாம். இதை யோசித்துச் செய்தவன் யாராக இருந்தாலும் என்னைப்போல ஒருவரையும் நம்பாத ஆள். அதனால்தானோ என்னவோ, அந்தக் கார் எனக்குப் பிடித்துப்போயிற்று.

2. பெயரும் பழியும்

காரின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. கம்பனி போய்ச் சேர்ந்துவிட்டதுதான். ஆனால் அந்தப் பெயர் இப்போது யாருடைய கையில் இருக்கிறது, அவர்களுடைய வக்கீல்மார் எங்கே இருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? "சாபம்" என்று சொல்லத் தொடங்கிப் பாதியில் வாயை மூடிக்கொண்டால் அந்தப் பெயர் வரும். எங்கள் ஆட்கள் பாதியில் நிறுத்தாமல் முழுச் சொல்லையும் சொல்லியே அழைத்தார்கள். "அங்கை பார், ஒரு சாபம் போகுது" என்பார்கள்.

அதைச் செய்தவர்கள் ஆகாய விமானம் செய்கிற கம்பனிக்காரர்கள். பெரிய யுத்தம் முடிந்த பிறகு காரும் செய்வோம் என்று தொடங்கினார்கள். அந்த ஆட்களுக்குக் காற்று எப்படி ஓடும் என்று தெரியும், கார் எப்படி இருக்க வேண்டும் என்று தெரியாது என்பார் கிழவர். அதுவே நல்லதாகப் போயிற்று. மற்றவர்கள் பெட்டி மாதிரிக் கார் செய்தபோது இவர்கள் வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி ஒன்றைச் செய்தார்கள். முதல் வந்த கார்களெல்லாம் பச்சை நிறமாம். யுத்த விமானங்களுக்கு வாங்கிய பச்சைப் பெயின்ற் மிஞ்சிக் கிடந்ததாம். உண்மையோ பொய்யோ, நான் நம்பவுமில்லை, மறுக்கவுமில்லை.

எஞ்சினுக்குக் கூடுதல் காற்று ஊதுகிற ரேர்போவைக் குடும்பக் காருக்குப் பூட்டி, நாலு சிலிண்டரை வைத்துக்கொண்டு பெரிய எஞ்சின்காரர்களை முந்தினார்கள். பிந்தி வந்த மொடல்களில் ஒரு பொத்தான் இருக்கும். இரவில் அதை அமத்தினால் டாஷ்போர்டில் உள்ள வெளிச்சம் எல்லாம் அணைந்து, வேகம் காட்டுகிற முள் மட்டும் தெரியும். நான் முதல் தடவை அமத்தியபோது வயரிங் எரிந்துவிட்டது என்று நினைத்துக் காரை ஓரம் கட்டி, இறங்கி ஓடியவன்.

வாங்குகிறவர்களும் ஒரு தினுசு. பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறவர், வீட்டுக்குப் படம் கீறுகிறவர், பல் வைத்தியர். எல்லோரும் காரைக் கொண்டுவந்து விடும்போதே அதில் என்ன பிழை என்று எங்களுக்கு விளக்கிவிட்டுத்தான் போவார்கள். பாதி நாள் அவர்கள் சொன்னது பிழையாக இருக்கும். ஆனாலும் அந்தக் காரில் அவர்களுக்கு இருந்த பாசம் வேறு எந்தக் காருக்கும் நான் காணாதது.

பிறகு அமெரிக்காவின் பெரிய கம்பனி ஒன்று வாங்கிற்று. அது கைகழுவிவிட, இன்னொருவர் வாங்க, கடைசியில் காசில்லாமல் கதவு மூடப்பட்டது. செய்தி வந்த அன்று கிழவர் உயிரோடு இல்லை. நான் அப்போது ஸ்காபரோவில், குலம் அண்ணையின் கராஜில், தமிழ்ச் சனத்தின் ஜப்பான் கார்களுக்கு எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தேன்.

எங்கள் சனம் ஜப்பான் காரைத் தவிர வேறொன்றையும் நம்பாது. அதில் பிழையில்லை. எல்லாருடைய மச்சானிடமும் அதே கார்தான் நிற்கும், பாட்ஸ் மூலைக் கடையிலும் கிடைக்கும். சுவீடன் காரைப் பற்றி அவர்கள் அறிந்ததெல்லாம், கம்பனி செத்துப்போயிற்று, சாமான் கிடையாது, பெயரே சாபம் என்பதுதான். குலம் அண்ணை ஒரு சட்டம் போட்டிருந்தார். "தவம், உனக்கு அது தெரியும் எண்டு எனக்குத் தெரியும். ஆனால் சாபத்தை என்ரை கராஜுக்குள்ளை எடுக்கக் குடாது."

3. ரோ ட்ரக்கில் வந்தது

கம்பனி மூடிச் சில வருசத்துக்குப் பிறகு, ஒரு திங்கட்கிழமை காலை, அஜக்ஸில் இருந்து, பழுதான கார் ஏற்றுகிற ரோ ட்ரக் ஒன்று வந்தது. மேலே ஒரு பழைய சுவீடன் கார். துருப்பிடிக்காமல், மினுக்கி வைத்தபடி. எஞ்சினை மூடுகிற பொனற்றில் சந்தனப் பொட்டு, கண்ணாடிக்குள் கோயில் மாலை. ட்ரக்கின் முன் சீற்றில் இருந்து ரஞ்சன் இறங்கினார். எங்கள் பழைய வாடிக்கையாளர். நானூற்றொன்று நெடுஞ்சாலைப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் விடியற்புற வேலை. பேசினால் நேராகப் பேசுவார், கோபம் வந்தால் பேசவே மாட்டார். அன்றைக்கு இரண்டுக்கும் நடுவில் நின்றார்.

"அண்ணை, திறப்பு உள்ளுக்குப் போகுது, திரும்புதில்லை" என்றார். "பூட்டுக்குள்ளை பசை ஊத்தியிருக்கு. ஊத்தினது ஆரெண்டும் எனக்குத் தெரியும்."

"ஆர்?"

"என்ரை மச்சான்தான். வேறை ஆர்?"

மச்சான் என்றால் அவருடைய மனைவி வதனியின் தம்பி சுதன். ஸ்ரௌவ்வில்லில் புது வீடு வாங்கியவர், வங்கியில் வேலை. ரஞ்சனின் பழைய கார் மாரிக் குளிரோடு செத்துப்போக, சுதன் தன்னுடைய காரை ஒரு சதமும் வாங்காமல் கொடுத்திருக்கிறார். அதற்கு முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் வாகனப் பூசை. பூசை முடிந்து ரஞ்சன் காரை அஜக்ஸில் உள்ள தன் வீட்டுக்கு ஓட்டிவர, சுதன் பக்கத்தில் இருந்து வந்திருக்கிறார்.

"சும்மா குடுக்கிறவன் சும்மாவா குடுப்பான், சொல்லுங்கோ அண்ணை?" என்றார் ரஞ்சன். "கோயிலிலயே எல்லாருக்கும் முன்னாலை, 'மனமில்லாமல்தான் குடுக்கிறன்' எண்டவன். வீட்டை வந்து நான் இறங்கி, சில்லுக்கு வைக்கத் தேசிக்காய் எடுக்க உள்ளுக்குப் போட்டன். எஞ்சினை நிப்பாட்டித் திறப்பைக் கொண்டு வாறன் எண்டவன் வரேல்லை. யன்னலாலை பாக்கிறன், காருக்குள்ளை தனிய இருந்து, குனிஞ்சு, ரெண்டு கையும் உந்த ஓட்டையிலை. கன நேரம். பிறகு வந்து திறப்பைத் தந்திட்டுப் போட்டான். விடிய வேலைக்குப் போக ஏறினால், இந்தக் கூத்து."

"எதுக்காகச் செய்யோணும்?"

"எனக்குப் பிச்சை போட்டமெண்டு காட்டியாச்சு. இனி, 'உவருக்கு உந்தக் கார் ஓடத் தெரியாது' எண்டு சொல்லித் திருப்பி எடுக்கிறதுக்கு. ரெண்டாவது திறப்பும் இன்னும் தரேல்லை. தேடித் தாறனாம்."

குலம் அண்ணை பின்னால் வந்து நின்றார். "அது சாபமெல்லோ. ட்ரக்கை அப்பிடியே உடைக்கிற யாட்டுக்கு விடச் சொல்லு" என்றார்.

"விடலாம் அண்ணை" என்றார் ரஞ்சன். "எனக்கு உந்தக் கார் தேவையில்லை. பசைதானெண்டு தவம் அண்ணை தன்ரை வாயாலை ஒரு சொல்லுச் சொல்லட்டும். வாற ஞாயிறு என்ரை மாமியின்ரை திவசம், எங்கடை வீட்டிலை. உவன்தான் மகன், உவன்தான் செய்யோணும். பசையெண்டு உவர் சொன்னால், உவன் என்ரை வாசல்படி மிதிக்கக் குடாது."

இதைச் சொல்லிவிட்டுத்தான் என் முகத்தைப் பார்த்தார். எனக்கு அது துப்புரவாகப் பிடிக்கவில்லை. பிறேக் தேய்ந்ததா இல்லையா என்று சொல்வது என் வேலை. ஒரு ஆம்பிளைப்பிள்ளை தாய்க்குத் திவசம் செய்யலாமா என்று சொல்வது என் வேலையா? அதோடு, எல்லாவற்றையும் இவ்வளவு வரிசையாகச் சொல்கிறாரே என்று ரஞ்சனிலும் ஒரு சந்தேகம் வந்தது. ஓசியில் கிடைத்த காரைத் திருப்பிக் கொடுக்க வழி தெரியாமல் இவரே ஏதும் செய்திருந்தால்?

குலம் அண்ணையைப் பார்த்தேன். கையை விரித்தார். "ஒரு நாளைக்குத்தான். பிறகு உது இஞ்சை நிக்கக் குடாது" என்றார்.

4. எல்லோரும் சொன்ன பசை

ரோர்ச்சை அடித்து ஓட்டைக்குள் பார்த்தேன். விளிம்பில் இருந்து உள்ளே வரைக்கும் மஞ்சளும் வெள்ளையுமாய் ஏதோ காய்ந்து இறுகிக் கிடந்தது. திறப்பின் பற்களுக்கு இடையிலும் அதே அழுக்கு. நகத்தால் சுரண்டினேன், இலேசில் வரவில்லை. உண்மையைச் சொன்னால், என் மனதிலும் பசை என்றுதான் பட்டது.

மத்தியானத்துக்குள் இரண்டு ரெலிபோன் வந்தன. முதலாவது வதனி. குரலைத் தாழ்த்திக் கதைத்தார்.

"அண்ணை, உள்ளுக்கை என்ன கிடந்தாலும் ஒண்டும் இல்லையெண்டு சொல்லுங்கோ. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்."

"இருக்கிறதை இல்லையெண்டு எப்பிடித் தங்கச்சி சொல்லுறது?"

"இந்த நாட்டிலை எனக்கெண்டு இருக்கிறது தம்பி ஒருத்தன்தான். அம்மா கண் மூடேக்கை அவன்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு போனவ. அவன் இல்லாத திவசத்துக்கு நான் அந்தச் சோறு சமைக்கமாட்டன். இவர் ஒண்டு சொன்னால் மாறமாட்டார். உங்களுக்குத் தெரியும்தானே."

ஆறுதலாக இரு என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல? அந்தப் பிள்ளை பொய் சொல்லச் சொல்கிறதே, அப்படியென்றால் தம்பியில் அதற்கே சந்தேகம் இருக்கிறது என்றும் மனம் கணக்குப் போட்டது. இப்படித்தான் என் புத்தி. வேலைக்கு உதவும், வீட்டுக்கு உதவாது என்று என் மனைவி சொல்லுவாள்.

இரண்டாவது அழைப்பு சுதன். அக்கா சொல்லித்தான் எடுத்தாராம்.

"அங்கிள், பூட்டுச் சிலிண்டரை ட்ரில் பண்ணிப் போடாதேங்கோ, பிளீஸ். அது ஒரிஜினல். வேறை கிடையாது" என்றார் முதலில். பிறகு, "அத்தானுக்குப் பிடிக்காட்டித் திருப்பித் தரச் சொல்லுங்கோ. ஐ டோன்ற் மைன்ட். நான் வந்து எடுக்கிறன்."

"வீட்டு வாசலிலை காருக்குள்ளை தனிய இருந்து என்ன செய்தனீர்?"

"திறப்பு இறுகிப்போய் இருந்தது. கஷ்ரப்பட்டுத்தான் எடுத்தனான்" என்றார். "பிறகு... சும்மா இருந்தனான், அங்கிள். அம்மா கடைசியா ஆஸ்பத்திரிக்குப் போனது இந்தக் காரிலைதான்."

ரெலிபோனை வைத்ததும் குலம் அண்ணை கேட்டார். "என்னவாம்?"

சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். "திருப்பித் தரச் சொல்லுறானெல்லோ. ரஞ்சன் சொன்னது சரிதான். தாயை இழுத்துக் கதை விடுறான். பசைதான் எண்டு சொல்லிப்போட்டு அலுவலை முடி."

எல்லாம் சரியாகத்தான் பொருந்தியது. தனியே இருந்தது அவன். கடைசியாகத் திறப்பைத் தொட்டது அவன். மனமில்லாமல் கொடுத்தது அவன். இரண்டாவது திறப்பு அவனிடம். திருப்பித் தா என்று கேட்பதும் அவன். எனக்கு அதுதான் உறுத்தியது. கராஜில் இவ்வளவு காலம் இருந்ததில், ஒரு கார் ஒரே நேரத்தில் எல்லா அடையாளத்தையும் ஒரே பக்கம் காட்டினால் நான் மற்றப் பக்கம் போய்ப் பார்ப்பேன். ஆட்களுக்கு மட்டும் ஏன் வேறு சட்டம்?

5. கழற்றிப் பார்த்தது

இந்தக் காரில் திறப்பு திரும்பினால் பூட்டைக் கழற்றுவது இலேசு. திரும்பாவிட்டால் பெரிய இழவு. சீற்றை எடுத்து, நடுப்பெட்டியைக் கழற்றி, கியர்த் தடி நிற்கிற கூட்டையே முழுதாகத் தூக்க வேண்டும். கிழவரின் கராஜில் பல தடவை செய்திருக்கிறேன். கோப்பி ஊற்றிக்கொண்டு வருவார்கள். ஓட்டை மேலே பார்த்தபடி இருந்தால் வேறு என்ன நடக்கும்? முழங்காலைக் காப்பாற்ற யோசித்தவர்கள் கோப்பியை யோசிக்கவில்லை.

பின்னேரம் முழுக்க அதிலேயே போயிற்று. குலம் அண்ணை மூன்று நாலு தரம் வந்து பெருமூச்சு விட்டுவிட்டுப் போனார்.

கூட்டை மேசையில் வைத்தேன். சுப்பர் குளூ தண்ணீருக்கு மசியாது, நகப்பூச்சு அழிக்கிற திரவத்துக்குத்தான் மசியும். அதில் ஒரு துளி விட்டேன். அந்த அழுக்கு அசையவில்லை. பிறகு ஒரு கோப்பையில் சுடுதண்ணீர் எடுத்துத் திறப்பை முதலில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் பற்களில் இருந்தது கரைந்து, மேகம் மாதிரி அடியில் இறங்கிற்று. பூட்டின் வாயிலும் சுடுதண்ணீரை விட்டு, தூரிகையால் தடவி, அதே கோப்பையில் வடித்தேன். தண்ணீர் மஞ்சளாகி, அதற்குள் சிவப்பாய்ச் சின்னச் சின்ன மணிகள் சுற்றின.

பசைக்கு ஏது சிவப்பு?

மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனேன். எஞ்சின் எண்ணெய் நாற்றம் அடிக்கிற அந்தக் கராஜில், என் கையில் இருந்த கோப்பை கோயில் மூலஸ்தானம் மாதிரி மணத்தது. நான் கதிரையில் இருந்துவிட்டேன். இருந்து, தனியே, வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்த பிறகு பயமாகவும் இருந்தது. ஒரு சொல்லு, ஒரேயொரு சொல்லு நான் மத்தியானம் சொல்லியிருந்தால்?

6. கோப்பை

அடுத்த நாள் எல்லோரையும் வரச் சொன்னேன். ரெலிபோனில் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. வாயால் சொன்னால், வதனி கேட்டதற்காகப் பொய் சொல்கிறேன் என்று ரஞ்சன் நினைப்பார். அவருடைய இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன்.

ரஞ்சனும் வதனியும் முதலில் வந்தார்கள். சுதன் வங்கி உடுப்போடு வந்து, தூரத்தில், ரயர் அடுக்குக்குப் பக்கத்தில் நின்றார். அத்தானும் மச்சானும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. வதனி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு கோட்டின் நுனியைத் திருகினார்.

கோப்பையை ரஞ்சனிடம் கொடுத்தேன். "பூட்டுக்குள்ளை இருந்து வந்தது. மணந்து பாரும்."

மணந்தார். புருவம் சுருங்கியது. திரும்ப மணந்தார்.

"சந்தனம்" என்றார்.

"ஐயர் திறப்புக்குப் பொட்டு வைச்சவரோ?"

"ஓம். தட்டத்திலை வைச்சு, சந்தனமும் குங்குமமும் நல்லா அப்பி, தீர்த்தமும் தெளிச்சுத்தான் தந்தவர்."

"துடைச்சுப்போட்டோ பூட்டுக்குள்ளை விட்டனீர்?"

"சாமிக்கு முன்னாலை வைச்ச பொட்டை ஆராவது துடைப்பினமே, அண்ணை?"

அது சரியான கேள்விதான். நானும் துடைத்திருக்கமாட்டேன். குலம் அண்ணையும் துடைத்திருக்கமாட்டார். உலகத்தில் வேறெந்தச் சனத்திடம் இந்தக் கார் போயிருந்தாலும் கோப்பிதான் ஊற்றியிருப்பார்கள்.

"திறப்பிலை இருந்தது மட்டுமெண்டால் இவ்வளவு வராது" என்றேன். "ஓட்டைக்குள்ளையும் கிடக்குது. மற்றக் கார்களிலை ஸ்ரியறிங்குக்குப் பக்கத்து ஓட்டையிலை பொட்டு வைச்சால் வழிஞ்சு கீழை போகும். இது மேலை பாத்த ஓட்டை. வைச்சதெல்லாம் உள்ளுக்குத்தான் போகும். ஓட்டைக்குப் பொட்டு வைக்கச் சொல்லி ஐயருக்கு ஆர் சொன்னது?"

வதனி நிலத்தைப் பார்த்தபடி சொன்னார். "இவர்தான் காட்டினவர். 'ஐயா, இந்தக் காருக்குத் திறப்பு இஞ்சைதான், இதிலையும் வையுங்கோ' எண்டு. எல்லாருக்கும் காட்டினவர். அவ்வளவு சந்தோஷம் அவருக்கு."

ரஞ்சன் கோப்பையை மேசையில் வைத்தார். காது இரண்டும் சிவந்துவிட்டன. அந்தச் சந்தோஷத்தை இப்போது எல்லோருக்கும் முன்னால் சொன்னதுதான் அவருக்குப் பெரிய வெட்கம் என்று எனக்குப் பட்டது.

"இறுக்கமா இருக்குதெண்டு நீ ஏன் சொல்லேல்லை?" என்று கேட்டார். முகம் பாராமல் கேட்டாலும், சுதனிடம் கேட்டார்.

"சொன்னால், பழுதான காரைத் தலையிலை கட்டிப்போட்டன் எண்டு நினைப்பியளோ எண்டு பயம், அத்தான்" என்றார் சுதன். "பிறகு நீங்கள் என்ரை ஃபோனே எடுக்கேல்லை. பிடிக்காமல் நீங்களேதான் ஏதோ செய்துபோட்டியள் எண்டு நானும் நினைச்சன்."

பூட்டை நான் விடியவே கழுவி, காற்றடித்து, திரும்பப் பூட்டி வைத்திருந்தேன். "ஏறி ஸ்ராட் பண்ணிப் பாரும்" என்றேன். ரஞ்சன் ஏறினார். திறப்பு திரும்பியது. எஞ்சின் ஒரு தரம் உறுமி, பிறகு சீராக ஓடியது. குலம் அண்ணைகூடத் தலையை நீட்டி, "சத்தம் நல்லாத்தான் கிடக்குது" என்றார்.

ரஞ்சன் எஞ்சினை நிறுத்தித் திறப்பை இழுத்தார். வரவில்லை. இன்னும் இழுத்தார். வரவில்லை. என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியும், ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. இந்த ஒன்றை நான் சொல்லக்கூடாது என்று ஏனோ தோன்றிற்று. ஒரு துணியை எடுத்துக் கையைத் துடைக்கத் தொடங்கினேன்.

திறப்பில் கை இருந்தபடியே ரஞ்சன் ரயர் அடுக்குப் பக்கம் திரும்பினார். பிறகு, "சுதன், இது எப்பிடி வாறது?" என்று கேட்டார்.

சுதன் ரயர் அடுக்கை விட்டு வந்து, கார்க் கதவில் கை வைத்துக் குனிந்தார். "முன்னுக்கு நிண்டால் வராது, அத்தான். றிவேர்ஸிலை போடுங்கோ. தானா வரும்."

ரஞ்சன் கிளச்சை மிதித்துக் கியரைப் பின்னுக்குப் போட்டார். திறப்பு வந்தது. அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே, "ஞாயிற்றுக்கிழமை வேளைக்கு வா" என்றார். "ஐயர் பிந்தமாட்டார். வேட்டி நான் எடுத்து வைக்கிறன்."

"ஓம் அத்தான்" என்றார் சுதன். சட்டைப் பையில் இருந்து இரண்டாவது திறப்பை எடுத்து நீட்டினார். அதைத் தேடி எடுத்துக்கொண்டுதான் வந்திருக்கிறார். வதனி சுவர்ப் பக்கம் திரும்பி நின்று அழுதார். குலம் அண்ணைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எண்ணெய் துடைக்கிற கடதாசி உருளையை அப்படியே தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தார்.

7. திவசத்துக்கு அடுத்த நாள்

கராஜ் வேலைக்கு வருகிற பிள்ளைகள் சிலர், சந்தேகப்படாதே என்று நான் சொல்வேன் என்று நினைக்கக்கூடும். சொல்லமாட்டேன். சந்தேகம் இல்லாதவன் பிறேக் வேலை செய்யக்கூடாது. நான் இப்போதும் பாங்கில் இருந்து வருகிற கடிதத்தை இரண்டு தரம் வாசிக்கிறவன். ஆனால் அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வந்தது. பழுதோடு சேர்த்து ஓர் ஆளின் பெயரையும் யாராவது கொண்டுவந்தால், பெயரை வாசலில் விட்டுவிட்டுக் காரை மட்டும் உள்ளே எடுப்பேன். கழற்றி, கழுவி, மணந்து பார்க்கும் வரை ஒரு சொல்லும் சொல்லமாட்டேன். வாகனப் பூசை என்று சொன்னால், திறப்பை மடியில் வைத்துக்கொண்டு தேங்காயை உடையுங்கோ என்று சொல்லுவேன். குலம் அண்ணையும் அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டார். ஆனால் சாபம் என்றுதான் கடைசிவரை சொன்னார்.

திவசம் முடிந்த அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் சுவீடன் கார் எங்கள் வாசலில் வந்து நின்றது. எங்களுக்குத் திவசச் சாப்பாடு. ரஞ்சன் ஓட்ட, பக்கத்துச் சீற்றில் சுதன், மடியில் சாப்பாட்டுப் பெட்டி. இரண்டு பேரும் எதையோ பற்றி வாக்குவாதப்பட்டுக்கொண்டு வந்தார்கள். நான் கண்ணாடிக்குள்ளால் பார்த்துக்கொண்டு நின்றேன். எஞ்சின் நின்றது. ரஞ்சனின் கை முதலில் கியருக்குப் போனது, பிறகுதான் திறப்புக்கு.